பத்து மைல் ஓடின பிறகு

எங்கள் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் பேச்சை விட்டுவிட்டால் அதற்கென்று ஒரு முறை உண்டு. ஒருத்தர் வீட்டில் ஒருத்தர் பச்சைத்தண்ணீர் குடிக்கக் கூடாது. எதிரே வந்தால் ஒதுங்க வேண்டியதில்லை, ஆனால் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவும் கூடாது. ஏதாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால் நடுவில் மூன்றாவது ஆள் ஒன்று வேண்டும். அந்த ஆளிடம் சொன்னால் அது போய்ச் சொல்லும். எதிராளி இரண்டு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தாலும் சரி, அந்த மூன்றாவது ஆள் திரும்பி அவரிடம் சொன்ன பிறகுதான் அவர் காதில் விழுந்ததாக அர்த்தம்.

முருகம்மாள் அப்படி மூன்றாவது ஆளாக ஒன்றரை வருஷம் இருந்தாள். ஒரு பக்கம் புருஷன் கருத்தக்கண்ணன். இன்னொரு பக்கம் கூடப்பிறந்த அண்ணன் ஒச்சாண்டி. அவள் செய்ததைச் சொல்லப் போகிறேன். கேட்டு முடிக்கிறவரை அவள்மேல் கோபப்படாமல் இருங்கள், அதுபோதும்.

கருத்தக்கண்ணன் கம்பத்தில் வாடகைக் கார் ஓட்டினார். சொந்த வண்டி. ஏழு பேர் உட்காருகிற வண்டியில் பதினொரு பேர் ஏறி, ஏலக்காய் மூட்டை இரண்டும் மேலே ஏறி, குமுளி மலையில் முக்கி முனகிப் போகும். ஒச்சாண்டி ஊருக்கு வடக்கே ரோட்டோரத்தில் ஓலைக் கொட்டகை போட்டு மோட்டார் ரிப்பேர் பார்த்தார். முதலில் கட்டைவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா அடித்துக்கொண்டிருந்தவர், மதுரைக்குப் போய் இரண்டு வருஷம் பஸ்களுக்கு அடியில் படுத்துக் கிடந்து வேலை கற்றுக்கொண்டு வந்தார். தேனிக்கும் குமுளிக்கும் நடுவில் மோட்டாரைப் பிரித்துப் பூட்ட அப்போது வேறு கை கிடையாது.

மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். கெட்டது ஒரு காதுகுத்தில்தான்.

முருகம்மாளின் மகள் சங்கிலியம்மாளுக்குக் காது குத்த நாள் பார்த்திருந்தது. தாய்மாமன் மடியில் பிள்ளையை வைத்துத்தான் குத்த வேண்டும். அன்று விடியக்காலையில் குமுளி மலையில் லாரி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. ஒச்சாண்டியை வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இங்கே நல்ல நேரம் கழிந்துகொண்டிருந்தது. ராகுகாலம் வரப்போகுது என்று கூட்டத்தில் முணுமுணுப்பு. கருத்தக்கண்ணன் பொறுத்துப் பார்த்தார், தெருமுனைக்கு இரண்டு தடவை போய்ப் பார்த்தார். கடைசியில் தூரத்து முறையில் மாமனாகிற ஒருத்தர் மடியில் பிள்ளையை உட்கார வைத்துக் காதைக் குத்திவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஒச்சாண்டி கொட்டுமேளத்தோடு, ஏழு தட்டுச் சீரோடு தெருவுக்குள் வந்தார். கையில் கிரீஸ்கூடச் சரியாகப் போகவில்லை. பிள்ளை காதில் மஞ்சள் காய்ந்திருந்ததைப் பார்த்தார்.

“தட்ட அங்கனயே இறக்கி வைங்க” என்று சொன்னார். திரும்பிப் போய்விட்டார்.

யார்மேல் தப்பு என்று கேட்காதீர்கள். நான் இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்துவிட்டேன்.

அதற்குப் பிறகு முருகம்மாள் சந்தைக்குப் போகிற நாளெல்லாம் அண்ணன் வீட்டுக்கும் போய்விட்டு வருவாள். அங்கே இவரைப் பற்றி ஒரு சொல், இங்கே அவரைப் பற்றி ஒரு சொல். எல்லாமே முள். அவள் அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி அதையெல்லாம் பொறுக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தைக் கொண்டு போய்ச் சேர்ப்பாள். பொறுக்கப் பொறுக்க மிச்சம் ஒன்றும் இல்லாமல் போனது. வெறுங்கையோடு போக முடியாதே. அப்போதுதான் அவள் தன் கையிலிருந்து கொஞ்சம் சேர்க்க ஆரம்பித்தாள்.

“அண்ணே, மழைக்குக் கொட்டகை ஒழுகுமே, உங்கண்ணன் என்ன பண்றாரோன்னு வீட்ல கேட்டாக.”

“அவனா கேட்டான்?”

“வேற யாரு கேப்பா?”

ஒச்சாண்டி மறுபடி வேலையைப் பார்ப்பார். ஆனால் அன்றைக்கு முள் குறைவாக இருக்கும். அந்த ருசி கண்டுவிட்டாள் அவள். இரண்டு பேரும் ஒருநாள் நேருக்கு நேர் நின்று ‘வாங்க மச்சான்’, ‘வாங்க மாப்ள’ என்று சொல்லிவிட்டால் போதும், சேர்த்ததெல்லாம் தானாகக் கரைந்துவிடும் என்று நினைத்தாள். அவள் சாமியிடம் கேட்டதெல்லாம் அந்த ஒன்றுதான்.

சண்டை நடந்த காலம் அது. சீமைச் சண்டையை, ஜெர்மன்காரன் சண்டையைச் சொல்கிறேன். போடி ரயிலின் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். பெட்ரோல் கிடையாது. கார்களுக்குப் பின்னால் தகர டிரம் ஒன்றைக் கட்டி, அதில் கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் ஓட்டினார்கள். அதையாவது சமாளிக்கலாம். டயருக்குத்தான் வழியே இல்லை. சர்க்கார் பெர்மிட் கொடுத்தால்தான் டயர். கருத்தக்கண்ணன் மதுரைக்கு எத்தனை நடை நடந்தாரோ, எட்டு மாதம் கழித்து இரண்டே இரண்டு புது டயர் கிடைத்தது. அதை முன் சக்கரத்தில் மாட்டிய அன்றைக்கு முருகம்மாள் டயருக்குத் திருநீறு பூசினாள். இனி அடுத்த பெர்மிட் வருகிறவரை அந்த வீட்டில் அடுப்பெரிவது அந்த இரண்டு டயரில்தான்.

மாட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை. மலையிலிருந்து இறங்கும்போது முன்பக்கத்து வில்லுப்பட்டை ‘மடார்’ என்று முறிந்தது. பாரத்தைத் தாங்குகிற மூலப்பட்டையே இரண்டாகப் போய்விட்டது. சக்கரத்தைத் திருப்புகிற இடத்து முளையும் ஆடிப்போயிருந்தது. மரக்கட்டை ஒன்றை வைத்துக் கட்டி, ஆமைபோல வண்டியை ஊருக்குள் கொண்டு வந்து சேர்த்தார் கருத்தக்கண்ணன்.

முருகம்மாள் வடக்கே ஓடினாள்.

“அண்ணே, வண்டி பட்டை முறிஞ்சு நிக்குதுண்ணே.”

“நிக்கட்டும். ரெண்டு மழை பெஞ்சா துளிர்த்துரும்” என்றார் ஒச்சாண்டி, தலையைத் தூக்காமல்.

அவர் பெண்டாட்டி மாயக்காள் அடுப்படியிலிருந்து சத்தம் போட்டாள். “தங்கச்சி மூஞ்சியப் பாத்தாச்சும் ஒரு நல்ல சொல்லு வருதா பாரு உங்களுக்கு! நாக்கா, ரம்பமா?”

ஒச்சாண்டி கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்தார். திரும்பத் திரும்பத் துடைத்தார்.

“கொண்டாந்து போடச் சொல்லு. வண்டி என்ன பாவம் பண்ணுச்சு” என்றார். பிறகு வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு, “பிள்ளைக்குக் காது ஆறிருச்சா?” என்று கேட்டார்.

ஒன்றரை வருஷமாக ஆறாத காதா? மாயக்காளுக்கே சிரிப்பு வந்தது. முருகம்மாள் சிரிக்கவில்லை. “ஆறிருச்சுண்ணே. கம்மல் போட்டிருக்கேன்” என்றாள்.

இந்தக் கேள்வியை அவள் வீட்டுக்குக் கொண்டு போகவில்லை. காது என்ற பேச்சை எடுத்தாலே புருஷனுக்குப் பழையது கிளறிவிடும் என்று பயம். அதற்குப் பதிலாக வேறு ஒன்றைக் கொண்டு போனாள்.

“என்ன சொன்னான் உங்கண்ணன்?”

“உங்க வயித்துவலி எப்படி இருக்குன்னு கேட்டாக. மாப்ளைய அலைய விடாத, வண்டியக் கொண்டாந்து போடட்டும்னாக.”

கருத்தக்கண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “என் வயித்துவலி அவருக்கு எப்படித் தெரியும்?” என்றார். பாருங்கள், ‘அவன்’ போய் ‘அவர்’ வந்துவிட்டது.

“நான்தான் ஒருநா சொன்னேன்.”

அடுத்த நாள் வண்டி கொட்டகைக்குப் போனது.

மூன்று நாள் வேலை. பழைய லாரிப் பட்டை ஒன்றைத் தேடிப் பிடித்து, உலையில் காய்ச்சி, தட்டி வளைத்து மூலப்பட்டை ஆக்கினார் ஒச்சாண்டி. ஆடிய முளைகளுக்குப் புதுசாகப் பித்தளை வளையம், புஷ் என்பார்கள், கடைந்து வாங்கிவந்து போட்டார். மூன்றாவது நாள் மத்தியானம் எல்லாம் பூட்டியாயிற்று, சக்கரங்களை நேர் பார்க்கிறது மட்டும் பாக்கி.

அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை அசையாமல் பிடிக்க வேண்டும். ஒருத்தர் கீழே படுத்து, இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற குறுக்குத் தண்டைத் திருக வேண்டும். உள்ளே கருத்தக்கண்ணன். கீழே ஒச்சாண்டி. வெளியே, முந்தானையைச் சொருகிக்கொண்டு, முருகம்மாள்.

ஒச்சாண்டி முதலில் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டார். அது சுற்றி ஓய்ந்து ஒவ்வொரு தடவையும் ஒரே இடம் கீழே வந்து நின்றது. அந்த இடம் கனம். அதற்கு நேர் எதிரே ஒரு ஈயத்துண்டைக் கம்பியால் கட்டினார், கொஞ்சம் செதுக்கினார், மறுபடி சுற்றினார். எந்த இடத்தில் விட்டாலும் அந்த இடத்தில் நிற்கிறவரை விடவில்லை. பிறகு சுற்றுகிற டயரின் நடுவில் ஆணியை வைத்து மெல்லிசாகக் கோடு கிழித்தார். வண்டியை இறக்கி, ஒரு மூங்கில் குச்சியை அந்தக் கோட்டுக்கும் இந்தக் கோட்டுக்கும் நடுவே பிடித்தார். முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு. குச்சியில் கத்தியால் வெட்டு.

“ரெண்டும் ஒண்ணா இருக்கணுமாண்ணே?” என்று கேட்டாள் முருகம்மாள்.

“கட்டவண்டிக்குத்தான் ஒண்ணா இருக்கணும். இது ஓடுறப்ப விரியும். அதனால முன்னாடி ஒரு நூல் அளவு உள்ள பாத்த மாதிரி வைக்கணும்” என்றவர், உடனே குரலை மாற்றினார். “ஏத்தா முருகு, உள்ள உக்காந்திருக்கிற ஜமீன்தாருகிட்டச் சொல்லு. ஸ்டியரிங்கு என்ன மூக்கணாங்கயிறா, இந்த இழுப்பு இழுக்கிறாரு?”

முருகம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். “நேராப் புடிச்சுக்கிறச் சொல்றாக அண்ணன்.”

“நேராத்தான் புடிச்சிருக்கேன். கீழ படுத்திருக்கிற இஞ்சினீருக்குத்தான் கண்ணு கோணையாத் தெரியுதான்னு கேளு.”

அவள் குனிந்தாள். “நேரா இருக்கான்னு உங்க மாப்ள கேக்குறாகண்ணே.”

வண்டிக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை. வாசலில் உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்த மாயக்காள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இடதுகைப் பக்கம் ஒரு விரக்கடை வரச் சொல்லு.”

“ஒரு விரக்கடை இடதாம்.”

“வந்தாச்சுன்னு சொல்லு.”

“வந்தாச்சாம்.”

“அம்புட்டுத்தான்னு சொல்லு. அந்த மலைமேல இருந்து பட்டையை முறிச்சுக்கிட்டு வந்தாரே, அந்தக் கையி இதையும் முறிச்சிராம இருக்கணும்னு சொல்லு.”

“அம்புட்டுத்தானாம்” என்றாள் முருகம்மாள்.

கருத்தக்கண்ணன் உள்ளே உட்கார்ந்தபடி மேலே பார்த்துச் சிரித்ததை அவள் பார்த்துவிட்டாள். கேட்காததுபோல இருந்த மனுஷன் சிரித்துவிட்டார். அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இன்னும் ஒரு விரற்கடைதான், ஒரே ஒரு விரற்கடை, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நின்றாள்.

வேலை முடிந்தது. கரி டிரம்முக்குக் காற்று ஊதினால்தான் வண்டி கிளம்பும். கருத்தக்கண்ணன் பின்னால் போய் ஊதுகிற கைச்சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தார். ‘ஙொய்’ என்று காதை அடைக்கிற சத்தம். அந்தச் சத்தத்தில் ஒச்சாண்டி தங்கச்சியைக் கொட்டகை ஓரத்துக்குக் கூப்பிட்டார்.

“இந்தா பாரு. புது புஷ்ஷு, புதுப் பட்டை. ஓடி ஓடித்தான் அதது எடத்துல உக்காரும். உக்காந்தா இன்னைக்கு வச்ச அளவு நிக்காது. உத்தமபாளையம் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வந்தா பத்து மைலு ஆயிரும். நாளைக்குக் காலையில நேரா இங்கன கொண்டாந்து நிப்பாட்டச் சொல்லு. நான் மறுபடி அளக்கணும். அளக்காம மலைக்குப் போனா டயரைத் தின்னுரும். மறந்துறாத.”

“சொல்றேண்ணே.”

அவளுக்கு நன்றாகப் புரிந்தது. மறக்கவும் இல்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் கருத்தக்கண்ணன் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துக் காட்டினார். வண்டி ரோட்டின் நடுவில் கோடு போட்ட மாதிரி போனது. “என்ன சொன்னாலும் உங்கண்ணன் கை கைதான்” என்றார். முருகம்மாள் வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் அவரே தொடர்ந்தார். “ஒரே தடவையில முடிஞ்சுச்சே, அதுவே பெரிசு. மூணு நாளு அந்த வாசல்ல ஊரு பாக்க நின்னாச்சு. இன்னொரு தடவ வந்து நில்லுன்னு சொல்லியிருந்தா வண்டிய முல்லையாத்துல தள்ளிட்டு நடந்தே போயிருப்பேன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் அவள் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டாள்.

இப்போது சொன்னால் சிரித்த முகம் சுருங்கிவிடும் என்று பட்டது. அண்ணனுக்கு எப்போதுமே எல்லாவற்றிலும் எச்சரிக்கை அதிகம், கோடு போட்ட மாதிரி ஓடுகிற வண்டியில் இன்னும் அளக்க என்ன இருக்கிறது என்றும் பட்டது. அதுமட்டுமா, மாப்பிள்ளையை இன்னொரு தடவை வாசலில் நிற்கவைத்துப் பார்க்க அண்ணனுக்கு ஒரு ஆசை என்றும் பட்டது. ஒன்றரை வருஷமாகக் கல் பொறுக்கிப் பழகிய கை அல்லவா. இதையும் ஒரு கல் என்று எடுத்துக் கீழே போட்டுவிட்டது.

மறுநாள் கருத்தக்கண்ணன் விடிந்ததும் மலைக்குப் போனார். அதற்கு மறுநாளும் போனார்.

பத்து நாளில் வண்டி இடதுபக்கம் இழுக்க ஆரம்பித்தது. ரோடு சரியில்லை என்று நினைத்தார். நேராகப் பிடித்துப் பிடித்து அவருக்குத் தோள்பட்டை வலித்தது. பதினேழாம் நாள் டயரில் கை வைத்துத் தடவிப் பார்த்தார். உள்ளேயிருந்து வெளியே தடவினால் வழுவழுவென்று இருந்தது. வெளியேயிருந்து உள்ளே தடவினால் அரம்போலக் கையைக் கிழித்தது. இரண்டு டயரும் ஒரு ஓரமாகத் தேய்ந்து, உள்ளே இருக்கிற துணி நூல் பல்லைக் காட்டியது.

எட்டு மாதம் நடந்து வாங்கிய டயர்.

“உங்கண்ணன் வேணும்னே பண்ணிட்டான்” என்றார். மறுபடி ‘அவன்’ வந்துவிட்டது.

முருகம்மாள் அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்று நாள் அவள் வீட்டுக்குள் நடைபிணமாக நடந்தாள். அந்த மூன்று நாளில் கருத்தக்கண்ணன் கார் நிற்கிற பேட்டைக்குப் போய், காப்பிக் கடையில் நான்கு பேர் கேட்க, சக்கரத்தைக் கோணலாகப் பூட்டி என் பிழைப்பில் மண்ணைப் போட்டான் ஒச்சாண்டி என்று சொல்லிவிட்டார். அது வடக்கே போய்ச் சேர்ந்தது. வடக்கேயிருந்து பதில் வந்தது. அதை அந்தக் காப்பிக் கடைக்காரர் கோட்டைச்சாமிதான் கொண்டுவந்தார்.

“மாப்ள, ஒச்சாண்டி என்ன சொல்றாரு தெரியுமா? மறுநாளே கொண்டாந்து நிப்பாட்டு, மறுபடி அளக்கணும்னு தங்கச்சிகிட்டச் சொல்லி அனுப்பினேன், வரலை, திமிரு புடிச்சவன் வண்டி அப்படித்தான் ஆகும்ங்கிறாரு.”

கருத்தக்கண்ணன் வீட்டுக்கு வந்தார். பட்டப்பகல். முருகம்மாள் உரலில் கம்பு குத்திக்கொண்டிருந்தாள்.

“உங்கண்ணன் உங்கிட்ட ஏதாச்சும் சொல்லி அனுப்பிச்சாரா?”

உலக்கையைச் சுவரில் சாத்தினாள். எல்லாவற்றையும் சொன்னாள். காற்று ஊதுகிற சத்தம், உத்தமபாளையம், பத்து மைல், மறந்துவிடாதே என்றது, ஒன்று விடாமல்.

அவர் அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. ஒரு கேள்வி கேட்டார்.

“இந்த ஒண்ணைத்தான் சொல்லாம விட்டியா, இல்ல இன்னும் இருக்கா?”

அவள் தலையைக் குனிந்தாள்.

“என் வயித்துவலி எப்படி இருக்குன்னு கேட்டாகன்னு சொன்னியே. அது?”

சிந்திக் கிடந்த கம்பை அவள் கால்விரலால் ஒதுக்கினாள்.

“அதும் நீயா?” என்றார். அவர் குரல் அப்போதுதான் உடைந்தது. டயர் போனதற்குக்கூட அப்படி உடையவில்லை. “அந்த ஒரு வார்த்தைக்காகத்தாண்டி நான் அந்த வாசலுக்குப் போனேன்.”

“ஏங்க, ஒண்ணு மட்டும் நிசங்க. பிள்ளைக்குக் காது ஆறிருச்சான்னு கேட்டாக. சத்தியமாக் கேட்டாக. அண்ணன் வாயால கேட்டாக. நான்தான் பயந்துகிட்டு உங்ககிட்டச் சொல்லல.”

கருத்தக்கண்ணன் அவளைப் பார்த்தார். “சரி” என்றார். நம்பவில்லை என்று அந்த ‘சரி’யிலேயே தெரிந்தது. உண்மையைச் சொன்ன நாளில் அவளிடம் உண்மைக்குச் சாட்சி இல்லாமல் போயிற்று.

அன்றைக்கே அவள் அண்ணனிடமும் போய்ச் சொன்னாள். ஒச்சாண்டி கேட்டுக்கொண்டே உலையைக் கிளறினார். மாயக்காள்தான் பேசினாள்.

“மாப்ளைய அளக்க வரச் சொன்ன அன்னைக்குக் காலையில தோட்டத்து லாரி ஒண்ணு வந்துச்சு முருகு. இப்ப முடியாது, மாப்ள வண்டி வருதுன்னு திருப்பி அனுப்பிட்டாக. என்னையக் காப்பித்தூளு வாங்கியாரச் சொன்னாக. கொட்டகைக்கு முன்னாடி தண்ணி தெளிக்கச் சொன்னாக. உச்சிவெயில் வரைக்கும் ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னாக. என்ன பேசுறதுன்னு ரெண்டு தடவ எங்கிட்டப் பேசிப் பாத்தாக, தெரியுமா?”

“அதெல்லாம் எதுக்குச் சொல்ற” என்றார் ஒச்சாண்டி.

“சொல்லுவேன். இவ கொண்டு போகாட்டாலும் இவளாச்சும் கேக்கட்டும்.”

ஒச்சாண்டி எழுந்து மூங்கில் குச்சியை எடுத்தார். அதில் அன்றைக்கு வெட்டிய இரண்டு வெட்டும் இருந்தன. விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கூரையில் செருகினார். “உம்மேல தப்பில்லத்தா. நாலு எட்டு நடந்து வண்டிக்குப் பின்னாடி போயிருந்தா நானே சொல்லியிருக்கலாம். வாயி இருந்துச்சு” என்றார்.

இதைப் போய் அவரிடம் சொல்லு என்று அவர் சொல்லவில்லை. அவளும் சொல்லட்டுமா என்று கேட்கவில்லை. சொன்னால் மட்டும் யார் நம்பப் போகிறார்கள்?

டயர் இல்லாத வண்டி இரண்டு மாதம் வாசலில் நின்றது. பிறகு மயிலாடும்பாறை சீனிச்சாமி என்கிறவர் அதை வாங்கிக்கொண்டார். சுமாரான டயர் இரண்டை அவரே கொண்டுவந்தார். பழையதைக் கழற்றிவிட்டு அதை மாட்டிக்கொண்டிருந்தபோது, ஒச்சாண்டி தெருவுக்குள் நுழைந்தார். தோளில் ஜாக்கி. கையில் அந்த மூங்கில் குச்சி. காதுகுத்துக்கு அப்புறம் அந்தத் தெருவில் அவர் கால் வைத்தது அன்றைக்குத்தான்.

யாரையும் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்துச் சொன்னார். “நான் பூட்டின சக்கரம் கோணையா வெளியூரு போகக் கூடாது.” கீழே படுத்துவிட்டார்.

கருத்தக்கண்ணன் நிலைப்படியில் நின்றிருந்தார். பிறகு இறங்கிப் போய், யாரும் சொல்லாமலே, உள்ளே ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

வேலை நடந்தது. சொல் எதுவும் இல்லை. ஒச்சாண்டி கீழேயிருந்து ஸ்பேனரால் இரும்பில் ஒரு தட்டுத் தட்டினால் இடது, இரண்டு தட்டினால் வலது. அதுவும் யாரும் பேசி வைத்ததில்லை. இரண்டு பேருக்கும் தானாகப் புரிந்தது. முருகம்மாள் கதவோரம் நின்று அந்தத் தட்டல்களைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

முடிந்தது. ஒச்சாண்டி எழுந்து வேட்டித் தலைப்பில் கையைத் துடைத்தார். கருத்தக்கண்ணன் இறங்கி நின்றார். இரண்டு பேரும் இரண்டு முழத் தூரத்தில் நின்றார்கள். பிறகு, ஒருத்தர் பின் ஒருத்தராக, இரண்டு பேரும் முருகம்மாளைப் பார்த்தார்கள்.

முறைப்படி அவள்தானே நடுவில் இருக்க வேண்டும். ஏதாவது ஒன்றை அவள் எடுத்துக் கொடுத்திருந்தால் போதும். ‘காப்பித் தண்ணி குடிக்கிறீகளாண்ணே’ என்று சொன்னாலே போதும். அவளுக்கு அது தோன்றாமல் இல்லை. ஆனால், இது அண்ணன் சொன்னதா புருஷன் சொன்னதா நான் சொல்வதா என்று ஒரு தயக்கம் வந்துவிட்டது. இத்தனை காலம் இல்லாததையெல்லாம் பேசிய வாய், பேச வேண்டிய நேரத்தில் மூடிக்கொண்டது. அவள் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

ஒச்சாண்டி கொஞ்சம் காத்திருந்தார். அப்புறம் சீனிச்சாமி பக்கம் திரும்பினார்.

“இந்தாப்பா. இன்னைக்கு வச்ச அளவு நிக்காது. பத்து மைலு ஓடின பிறகு மறுபடி அளக்கணும். நாளைக்குக் காலையில என் கொட்டகைக்குக் கொண்டாந்து நிப்பாட்டு.”

அந்த வார்த்தை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கருத்தக்கண்ணன் காதில் நேராக விழுந்தது. ஆனால் அது அவருக்குச் சொன்னதல்ல. அவர் உள்ளே போய்விட்டார். ஒச்சாண்டி ஜாக்கியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு வடக்கே நடந்தார்.

அந்த மாதமே கருத்தக்கண்ணன் மலைக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் லாரி ஓட்டப் போய்விட்டார். மாதம் ஒரு தடவை வருவார். பின்னாளில் சங்கிலியம்மாள் சமைந்தபோது தாய்மாமன் சீர் குறைவில்லாமல் வந்தது, கருத்தக்கண்ணனும் வாசலில் நின்று கைகூப்பி வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான். மூன்றாவது ஆளாக நிற்க முருகம்மாள் ஒப்பவில்லை, வேறு யாரும் வரவும் இல்லை. இரண்டு பேரும் பேசாமலே போய்ச் சேர்ந்தார்கள்.

வண்டி கைமாறிய மறுநாள் சீனிச்சாமி சொன்னபடி கொட்டகைக்கு வந்தாராம். சந்தைக்குப் போன முருகம்மாள் அண்ணனிடம் கேட்டாள்.

“அளந்தீகளாண்ணே?”

“அளந்தேன்.”

“எம்புட்டு மாறியிருந்துச்சு?”

ஒச்சாண்டி குச்சியில் புதிதாக விழுந்திருந்த மூன்றாவது வெட்டைக் காட்டினார். பழைய வெட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு நூல் இடம் இருந்தது.

“தண்டுல ரெண்டு திருகு ஆத்தா. பீடி பத்த வைக்கிற நேரம்கூட ஆகல.”